கன்று விடாத வாழை வீடு

அந்த அம்மாள் வீட்டுக்குள் வரவில்லை.

வாசலில் அப்பா கும்பிட்ட கையோடு நிற்கிறார். அம்மா சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே ஜமுக்காளம் விரித்தாயிற்று. கேசரி கிண்டி மூடி வைத்தாயிற்று. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய டேபிள் பேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஏற்பாட்டையும் விட்டுவிட்டு, என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார், வாசலுக்கு வலப்பக்கம் நின்ற வாழையைப் பார்த்து நடந்தார்.

நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றிருந்தேன். பட்டுப்புடவைக்குள் முதுகெல்லாம் வியர்வை. தலையில் வைத்த மல்லிகை கழுத்தில் உறுத்தியது.

எங்கள் வீட்டுக்கு முதன்முறை வருகிற எவரும் அந்த வாழையை அண்ணாந்துதான் பார்ப்பார்கள். இலை அப்படி. ஒரே இலையின் கீழ் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கலாம். அந்த அம்மாளும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு தலையைத் தாழ்த்தி அடித்தூரைப் பார்த்தார். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வாழைக்கன்று நின்றது. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சொம்பை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

"போச்சு செல்வி. கண்டுபிடிச்சுட்டாக."

ஒரு வாழைக்கன்றுக்காக ஒரு குடும்பம் இப்படி நடுங்குமா என்று கேட்பீர்கள். நடுங்கினோம். அந்தக் கன்று அந்த வாழை போட்டது அல்ல. அம்மா வெளியிலிருந்து கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் நட்டு வைத்தது.

கைக்குட்டையில் வந்த விதை

போன வாரம் எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அந்தக் காலத்துத் தெருக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "கெணத்தப் பத்தி எழுதுனீக, சரி. அந்த வாழைய விட்டுட்டீகளே" என்றார். விடவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எழுபதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் காளவாசல் அப்போது ஊரின் ஓரம். எங்கள் தெருவுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதற்கும் பின்னால் செங்கல் சூளை. காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியெல்லாம் புகை வாசனை அடிக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவதற்குள் செருப்பு சிவந்துவிடும்.

அப்பா ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பாடம் நடத்த மாட்டார். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குப் பூவை அறுத்துக் காட்டுவார். வீட்டில் கத்தரிக்காய் நறுக்கும்போதும் ஒரு காயை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பார். மற்றபடி பேச்சுக் குறைவு. எங்கள் மேல் அவருக்கு இருந்த பாசமெல்லாம் செடி பற்றிய தகவலாகத்தான் வெளியே வரும். எனக்கு அம்மை போட்டிருந்தபோது, வேப்பிலையின் ஓரம் ஏன் ரம்பம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ஒரு தடவை மாணவர்களை அழைத்துக்கொண்டு கம்பத்துக்கு மேலே மலைக்குப் போனவர், கைக்குட்டையில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அவிழ்த்தால் கருப்புக் கருப்பாகக் கொட்டைகள். கல் மாதிரி இருந்தன.

"வாழை விதை" என்றார்.

"வாழைக்கு ஏதுங்க விதை?" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு நியாயமானது. வாழை என்றால் பக்கத்தில் கன்று விடும், அதைப் பெயர்த்து நடுவோம். அதுதானே நமக்குத் தெரிந்த வாழை.

"இது கல்வாழை. மலையில பாறை இடுக்குல நிக்கும்" என்றார் அப்பா. பூங்காக்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற செடியையும் கல்வாழை என்றுதான் சொல்கிறோம். அது இல்லை இது. இது நிஜமாகவே வாழையின் சாதி. ஆனால் சாப்பிட முடியாத வாழை. காயைப் பிளந்தால் சதையே இருக்காது, கொட்டைதான். இலைக்காகவும் அழகுக்காகவும் வளர்க்க வேண்டியது.

விளக்கம் சொன்னதோடு விட்டிருக்கலாம். "சாதாரண வாழைக்கு மூசான்னு பேரு. இது மூசா இல்ல, என்செட்" என்றும் சொன்னார்.

"மூசாவா? நம்ம எலக்கடை மூசா பாயா?"

"அவரு இல்ல. வாழையோட பேரே மூசாதான். இது என்செட்."

"என்ன செட்டு?" என்றாள் அம்மா. "தோடு செட்டா?"

அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். போட்ட விதைகளில் ஒன்றே ஒன்று முளைத்தது.

அது வளர்ந்த விதம் எங்கள் தெரு அதுவரை பார்க்காதது. அடித்தூர் தண்ணீர்ப் பானை மாதிரிப் பருத்தது. இலைகளுக்குக் காம்பு என்று ஒன்று கிடையாது. தண்டிலிருந்தே நேராக எழுந்து வானத்தைப் பார்த்து விரியும். கோடை வந்தால் எல்லா இலையும் காய்ந்து விழுந்து, வெறும் தூர் மட்டும் மொட்டையாக நிற்கும். முதல் கோடையில் செத்துவிட்டது என்று அம்மா வருத்தப்பட்டாள். "தூங்குது" என்றார் அப்பா. மழை விழுந்ததும் மறுபடி எழுந்தது. அப்பாவின் முகத்தில் நான் பார்த்த பெரிய சந்தோஷங்களில் அதுவும் ஒன்று.

"இது கன்னே விடாதுங்க!"

எனக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கியபோது அந்த வாழை ஓட்டுக்கு மேலே தலை தூக்கியிருந்தது. நான் டவுனில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அந்தக் காலக் கணக்குப்படி எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தாள்.

திருமங்கலம் பக்கமிருந்து முதலில் ஒரு வரன் வந்தது. சுப்பையா என்று எங்கள் தரகர். எல்லாரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார். அவர் அழைத்து வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர் இருந்தார். கேசரி சாப்பிட்டார்கள், என்னைப் பார்த்தார்கள், பிடித்த மாதிரிதான் தெரிந்தது. கிளம்பும்போது அந்த அத்தை வாழைக்குப் பக்கத்தில் நின்றார். அடியில் கிடந்த சருகைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"எம்புட்டு வருஷமா நிக்குது?"

"அஞ்சாறு வருஷம் இருக்குங்க" என்றார் அப்பா, பெருமையாக.

"அஞ்சாறு வருஷமாவா? கொலையும் தள்ளல, பக்கத்துல ஒரு கன்னையும் காணமே."

செடியைப் பற்றி ஒருவர் தானாக வந்து கேட்கிறார். அப்பாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? முகமெல்லாம் மலர்ந்து போனது.

"இது கன்னே விடாதுங்க! அதுதான் இதோட விசேஷம்!"

அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாண வீட்டு வாசலில் வாழை கட்டுகிற ஊர் இது. வாழையடி வாழையாக வாழணும் என்று அட்சதை போடுகிற சனம் இது. பெண் கொடுக்கப் போகிற வீட்டுக்காரர், தன் வாசல் வாழை கன்று விடாது என்று வாய் நிறையச் சொல்லிச் சிரிக்கிறார்.

நாலு நாள் கழித்துச் சுப்பையா வந்தார். செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"அண்ணே, பொண்ணப் பிடிச்சிருக்காம். வேலைக்குப் போறதுலயும் ஒண்ணும் இல்லையாம். அந்த வாழதான்…"

"வாழைக்கும் கல்யாணத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"வாசல்ல மலட்டு வாழைய வளக்குற வீட்டுல பொண்ணெடுத்தா எங்க வீட்டுல கன்னு தங்குமான்னு மாப்பிள்ளையோட அத்தை கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

அந்தச் சொல் அதோடு நின்றிருக்கலாம். எதிர்வீட்டுத் தெய்வானை அக்கா காதில் அது விழுந்துவிட்டது. அவருக்கு எங்கள் மேல் ஏற்கனவே ஒரு கோபம். மகனுக்குக் காது குத்தியபோது பந்திக்கு இலை கேட்டார். அப்பா தர மறுத்துவிட்டார். "இம்புட்டுப் பெரிய எலைய வச்சுக்கிட்டு நாலு எல வெட்டித்தர மனசு வரலையே" என்று அன்றைக்கே தெருவில் நின்று சொன்னவர்தான். இப்போது அவருக்குச் சொல்ல ஒரு பேர் கிடைத்தது. கீரைக்காரியிடம் சொன்னார். தபால்காரரிடம் சொன்னார். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டுக்கு விலாசமே அதுதான். மலட்டு வாழை வீடு.

நான் படித்தவள். வாழை வேறு, நான் வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது என் கண் தானாக அந்தத் தூருக்குப் போகும். ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். சாயங்காலம் வந்ததும் மறுபடி பார்ப்பேன். பஸ்ஸில் யாராவது கைக்குழந்தையை என் மடியில் வைத்தால், அந்தப் பேர் தெரிந்தவர்கள் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். பயம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. என் உடம்பே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அடுத்து வந்த இரண்டு வரன்களும் தெருமுனையோடு திரும்பிப் போயின.

"வெட்டிருங்க" என்றாள் அம்மா.

"பூக்காம வெட்ட மாட்டேன்."

"ஒங்களுக்கு மக வேணுமா, மரம் வேணுமா?"

"வாழை மரம் இல்ல" என்றார் அப்பா. தாவரவியல்படி அது சரி. அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அன்று முழுக்க அடுப்புப் பற்றவைக்கவில்லை.

மூசா பாய் கொடுத்த மூசா

அம்மா வெட்டச் சொல்வதை நிறுத்தியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவள் வேறு வழி பார்த்துவிட்டாள்.

யானைக்கல் பக்கம் மூசா பாய்க்கு வாழை இலைக்கடை. சோழவந்தான் தோட்டங்களிலிருந்து தினமும் கட்டுக்கட்டாக இலை வரும். எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவரிடம்தான் வாங்குவோம். அம்மாவுக்கு அவர் அண்ணன் முறை.

"மூசாண்ணே, எலையோட ஒரு வாழக்கன்னும் வேணும். சின்னதா."

"தோட்டக்காரன்ட்ட சொல்லி நாளைக்கே கொண்டாரச் சொல்றேன் தங்கச்சி. எங்க நடப் போறீங்க?"

"வாழைக்குப் பக்கத்துல."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

விடிந்தும் விடியாமலும் அப்பா பால் வாங்கப் போகிற நேரம். அம்மா கடப்பாரையால் குழி தோண்டினாள். நான் கன்றைப் பிடித்துக்கொண்டேன். கல்வாழையின் தூரை ஒட்டி, அதன் வயிற்றிலிருந்து வந்தது போலவே சாய்த்து நட்டோம். புது மண் தெரியாமலிருக்க மேலே சருகைப் பரப்பினோம். தெய்வானை அக்கா வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் இருவரும் உள்ளே ஓடிவந்து, கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கினோம்.

அந்தக் கன்று பிழைக்கவில்லை. பெரிய இலைகளின் நிழலில் வெயில் படாமல் மஞ்சளித்து மடங்கிப் போனது. அம்மா மறுபடி யானைக்கல் போனாள்.

"என்ன தங்கச்சி, மறுபடியுமா? தோப்புப் போடுறீங்களா?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைவாசலில் நின்றே முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். மூசா பாய் கேட்டுவிட்டு உள்ளே போனார். இந்த முறை நல்ல கிழங்கோடு, தடித்த கன்று ஒன்றைச் சாக்கில் சுற்றித் தந்தார்.

"கெழக்குப் பாத்து வைங்க, காலை வெயில் படும். இன்ஷா அல்லா, வேர் பிடிக்கும்."

இரண்டாவது கன்று நின்றது. அம்மா அரிசி கழுவிய தண்ணீரையெல்லாம் அதற்கே ஊற்றினாள்.

அப்பாவை ஏமாற்ற முடியாது என்று எங்களுக்குத் தெரியும். சாயங்காலம் காபி டம்ளரோடு போய் அதன் முன்னால் உட்கார்ந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்.

"காம்பு இருக்கு. நரம்பும் வேற. இது மூசா."

"வாரவுக நரம்பு பாக்க வரல. பொண்ணு பாக்க வாராக."

"கேட்டா?"

"எங்க வாழை போட்ட கன்னுதான்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. ஒங்க மகளுக்காக ஒரே ஒரு வார்த்தை."

அப்பா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். காபி ஆறிப்போயிருந்தது. குடிக்காமலே வைத்துவிட்டார்.

அவருக்கு வேறொரு கவலையும் இருந்தது. என்னிடம் மட்டும் சொன்னார். கல்வாழையின் புது இலைகள் வரவரச் சின்னதாகிக்கொண்டிருந்தன.

"பூக்கப் போகுது செல்வி."

"நல்லதுதானப்பா."

"பூத்துக் காய்ச்சு, வெத போட்டதும் போயிரும். ஒரே தடவைதான். மத்த வாழை போனாலும் கன்னு நிக்கும். இதுக்கு அதுவும் இல்ல."

அதைச் சொல்லிவிட்டு அவர் இலையைத் தடவிக்கொடுத்ததை நான் பார்க்காத மாதிரி நின்றேன். எல்லாரும் என்னை அந்தச் செடியோடு சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பெற்றதும் சாகும் என்ற செய்தி எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

வெளியே நின்றவர்

அப்போதுதான் அலங்காநல்லூர் பக்கமிருந்து இந்த வரன். விவசாயக் குடும்பம். மாப்பிள்ளைக்கு பஸ் டெப்போவில் மெக்கானிக் வேலை. தாயார் பேர் பேச்சியம்மாள். விவசாயக் குடும்பம் என்றதுமே அம்மாவுக்கு உதறல். "தோட்டக்காரக. கன்னப் பாத்தா தெரிஞ்சிரும்" என்றாள். நான் என்ன சொல்ல? ஆவணி மாதத்தில் ஒரு நாளைச் சுப்பையா குறித்துவிட்டார்.

இனி முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். பேச்சியம்மாள் கன்றுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருக்கிறார். அவர் கணவர் பழத்தட்டோடு வாசலில் நிற்கிறார். மாப்பிள்ளை தெருவில் வாடகைக் காருக்குப் பக்கத்தில். சுப்பையா நெளிகிறார்.

"ஏங்கய்யா" என்று பேச்சியம்மாள் அப்பாவைக் கூப்பிட்டார். "இது இந்த வாழ போட்ட கன்னுதானா?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். அம்மா ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் தோளை அழுத்திக்கொண்டு, உதட்டை மட்டும் அசைக்கிறாள். ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்க.

அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. எனக்காக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் முயன்றார். அதை வைத்து ஒரு தெருவையே ஏமாற்றி என்னைக் கட்டிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த நொடியில் எனக்குள் ஓடியது. கன்று விடும் என்று அப்பா சாட்சி சொன்ன வீட்டுப் பெண் நான். அந்த வீட்டில் ஒவ்வொரு மாதமும் என் வயிற்றைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாதமும் அப்பாவின் வார்த்தை அங்கே நிற்கும். என்னால் அந்தப் பயத்தோடு வாழ முடியாது என்று தோன்றியது.

அம்மாவின் கையை விலக்கிவிட்டு வெளியே போனேன். காபித் தட்டு இல்லாமல், கூப்பிடாமல், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"இல்லைங்க. அம்மா நட்டு வச்சது. இந்த வாழை கன்னு விடாது. விதைதான் போடும்."

"ஏம்மா, நீ உள்ள போ" என்று சுப்பையா பதறினார்.

பேச்சியம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"தெரியும்த்தா. இது நாட்டு வாழக் கன்னு. எங்க வரப்பு பூராம் இதான் நிக்கிது. எதுக்கு நட்டீக?"

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாள். அழுகைக்கு நடுவே திருமங்கலத்து அத்தை, தெய்வானை அக்கா, மலட்டு வாழை வீடு என்று எல்லாம் வந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. யாரும் கவலைப்படவில்லை.

பேச்சியம்மாள் கன்றின் கழுத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"வேர் பிடிச்சிருச்சு" என்றார். பிறகு சுப்பையாவைத் திரும்பிப் பார்த்தார். "ஏய்யா, நான் சொல்லச் சொன்னத இவுககிட்டச் சொல்லலையா?"

சுப்பையா ஓட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"சொல்லிருக்க மாட்டாருன்னு தெரியும். அதான் உள்ள வராம வெளியவே நின்னேன். சொல்லாம ஒங்க வீட்டுத் தண்ணியக் குடிக்கக் கூடாதுல்ல." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "அந்தா நிக்கிறானே, அவன் நான் பெத்ததில்ல. எந் தங்கச்சி பெத்துப் போட்டுட்டு அன்னைக்கே கண்ண மூடிட்டா. பச்ச மண்ணு. தூக்கியாந்து வளத்தேன். எனக்குன்னு ஒண்ணு பெறக்கல. ஒங்க வாழைக்கு வச்ச பேர எனக்கு எங்க ஊர்ல எப்பவோ வச்சுட்டாக."

உள்ளே டேபிள் பேன் கடகடத்துக்கொண்டிருந்தது.

"அவனும் நட்டு வச்சதுதான். இப்ப என்ன, மகன் இல்லன்னு ஆயிருச்சா?"

மாப்பிள்ளை அப்போதுதான் வாசலுக்கு வந்தார். நகக்கண்ணில் கழுவியும் போகாத கிரீஸ். என்னைப் பார்ப்பதை விட்டு அம்மாவின் அழுகையைப் பார்த்து மிரண்டுபோய், "என்னம்மா சொன்ன இவுகள?" என்று தாயாரிடம் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலடா." பேச்சியம்மாள் வாசற்படியில் அம்மா வைத்த சொம்பை எடுத்து, நின்றபடியே தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "வெயில் ஏறுது. உள்ள போவமா, மதினி?"

அம்மா அழுகையில் கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை விட்டால், பெண் கொடுக்கிற வீட்டு அம்மாவைத்தான் மாப்பிள்ளையின் தாய் மதினி என்று கூப்பிடுவார். முடிவாகாத இடத்தில் அந்தச் சொல் வாயில் வராது. என் கல்யாணம் அந்த ஒரு சொல்லில் நிச்சயமாயிற்று. கேசரி அதற்குப் பிறகுதான்.

அதற்குப் பிறகும்

தையில் கல்யாணம். அதற்குள் கல்வாழை பூத்துவிட்டது. பானை அளவுக்குப் பெரிய பூ, செம்பழுப்பு மடல்களோடு தலைகீழாகத் தொங்கியது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அதன் கீழே நின்று பார்த்தார்கள். மூசா பாய் பந்திக்கு இலைக்கட்டோடு வந்தவர், முதலில் போய் கன்றைத்தான் பார்த்தார். "மாஷா அல்லா" என்றார்.

கோடையில் வழக்கம்போல் இலைகள் விழுந்தன. மழை வந்ததும் அது எழுந்திருக்கவில்லை. அப்பா விதைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, காலியான இடத்தை நாட்டு வாழைக்கு விட்டுவிட்டார்.

எனக்குப் பல வருஷம் குழந்தை இல்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் கேட்காமல் இருப்பார்களா? என் காதுபடவே கேட்பார்கள். எனக்கு அத்தையாகிவிட்ட பேச்சியம்மாள் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "எங்க வீட்டுக்கு வந்தது கல்வாழ. கன்னு விடாது, வெதைதான் போடும். அது நேரம் பாத்துத்தான் போடும். ஒனக்கென்ன அவசரம்?" கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். நானும் சிரிப்பேன். அந்தப் பதிலின் நிழலில்தான் நான் அங்கே நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி நான் உண்டான அன்று போயிற்று. ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு வயிற்றுக்குள் குழந்தையோடு ஒரு பயமும் சேர்ந்து வளர்ந்தது. ஒரே தடவைதான், விதை போட்டதும் போயிரும் என்று அப்பா சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. என் கணவரைப் பெற்றவள் பெற்ற அன்றே போனவள். இதையெல்லாம் யாரிடம் சொல்ல? சொன்னால் பைத்தியம் என்பார்கள். அத்தையிடம்கூடச் சொல்லவில்லை.

அப்பா வாராவாரம் பஸ் ஏறி வந்தார். கொய்யா கொண்டுவருவார், மாதுளை கொண்டுவருவார். எதிரே உட்கார்ந்து, மாதுளைக்குள் ஏன் அத்தனை அறைகள் என்று சொல்வார். என் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். அவருக்கும் அதே பயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் அதைச் சொன்னவர் அவர்தானே. அவர் மறக்கவில்லை.

மதுரையில்தான் பிரசவம். கஷ்டமான பிரசவம். ரத்தம் ஏற்றினார்கள். வெளியே அத்தை அழகர்கோவில் பக்கம் திரும்பிக் கும்பிட்டபடி நின்றாராம். அப்பா ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியை விட்டு அசையவில்லையாம். மத்தியானத்துக்கு மேல் நான் கண் விழித்தேன். ஜன்னல் வழியே வெயில். பக்கத்தில் அத்தை மடியில் என் மகள், துணிக்குள்ளிருந்து ஒரு சிவந்த கை மட்டும் தெரிந்தது.

அப்பா உள்ளே வந்தார். எல்லாரும் குழந்தையைக் காட்டினார்கள். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, என் கையை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் இலையைப் பார்ப்பது போல விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளுத்துக் கிடந்த நகத்தில் லேசாகச் சிவப்பு வந்திருந்தது.

குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நீ வாழை இல்லம்மா. எந்த வாழையும் இல்ல."